தங்கூசிப் பேய்

சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்படும் படங்கள் பல உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. ஹாஸ்ய நடிகர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறார். நமக்குக் கொட்டாவி வருகிறது. ஆனால், ஜனங்களைப் பயமுறுத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, பெட்டியில் பணமில்லாமல் எடுக்கப்பட்ட பேய்ப் படம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஈடான ஹாஸ்யம் இந்தப் பூவுலகில் வேறு கிடையாது என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

இப்படி நான் சொன்னால் என் நண்பர்களில் இரண்டு கட்சியார் சண்டைக்கு வருகிறார்கள். "அந்தக் குப்பையைப் பார்க்கிற நேரத்தில் தூங்கினாலாவது உடம்புக்கு நல்லது" என்கிறது ஒரு கட்சி. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். இன்னொரு கட்சியார் கேட்பதுதான் கொஞ்சம் தைக்கிறது. "பாவம், கையில் காசில்லாதவன் பாடுபட்டு எடுத்த படம். அவன் குறையைப் பார்த்துச் சிரிப்பது, ஏழை வீட்டு விருந்துக்குப் போய்ச் சோற்றில் கல் பொறுக்கிக் காட்டுவது போல் அல்லவா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்வதற்கு, நான் பேய்ப் படக் கல்வி பெற்ற பாடசாலையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மயிலம் முருகன் கோயிலை நடத்தி வரும் பொம்மபுர ஆதீனத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பொம்மபுரம் எங்கள் ஊர்தான். ஞானத்துக்கு மடம் இருந்தது, மீனுக்குக் கடல் இருந்தது. பேய்ப் படத்துக்கு மட்டும் நான் மரக்காணம் வரையில் போக வேண்டியிருந்தது.

அங்கே என் அத்தை வீடு. கோடை விடுமுறை விட்டதும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. கோடைதான் உப்பு விளையும் காலம்; விடியற்காலை மூன்று மணிக்கே அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைப் பறித்துவிடும். ஆகையால் இருட்டோடு இருட்டாக உப்பை வாரி வரப்பில் சேர்த்தாக வேண்டும். நிலவு நாட்களில் அந்த உப்புக் குவியல்களைத் தூரத்திலிருந்து பார்த்தால், வெள்ளைப் புடைவை கட்டிய பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பது போல் தோன்றும். பேய்ப் படம் பிடிப்பதற்கு இதைவிட லட்சணமான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் படம் பிடிக்க வேண்டியவர்களோ, அந்தச் சமயத்தில் சென்னை ஸ்டூடியோக்களில் அட்டையை வெட்டிக் கல்லறை செய்துகொண்டிருந்தார்கள்.

உப்பளத்துக் காற்று வீசும் தூரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு டூரிங் டாக்கீஸ் என்றால் இன்னதென்று விளக்க வேண்டியிருக்கிறது. 1905-ஆம் ஆண்டில், திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய்க் காட்டத் தொடங்கினார். அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளில் ஒன்று எங்கள் கொட்டகை. மேலே கீற்று, கீழே மணல், பக்கச் சுவர் இடுப்பளவு. இருட்டினால்தான் ஆட்டம் ஆரம்பம். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடை போட்டு அதன் மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் அந்த மேடையைக் காலால் கலைப்பார். அதில் ஒரு சண்டை நடந்து முடிந்த பிறகுதான் திரையில் சண்டை ஆரம்பமாகும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே ஒரு குட்டைச் சுவர்.

யந்திரம் ஒன்றே ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் இடைவேளை. கொட்டகைக்கு வரும் பிரதி, பெரிய பட்டணங்களில் ஓடி, சிறிய பட்டணங்களில் ஓடி, பல வருஷம் உழைத்துக் களைத்துப் போய் வந்திருக்கும். திரையில் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும். சித்திரை மாதத்துக் கல்யாணத்திலும் மழைதான். அறுந்த இடங்களை ஒட்டி ஒட்டி, ஆலமரத்தடியில் நின்ற பேய் அரை விநாடியில் ஆற்றங்கரைக்குப் போய்விடும். ஒரு நாள் சுருள்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள். பேய் முதலில் பழி வாங்கியது. பிறகு அதைக் கொலை செய்தார்கள். கடைசியில் அதற்குக் கல்யாணம் நடந்தது. படம் மங்களகரமாக முடிந்தது என்று எல்லாரும் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனோம்.

தரை டிக்கெட்டில் பாதிப் பேர் குப்பங்களிலிருந்து வரும் மீன் பிடிக்கும் ஜனங்கள். என்னுடைய உண்மையான ஆசிரியர்கள் அவர்கள்தாம். ஒரு படம் நினைவுக்கு வருகிறது. அதன் பெயரைச் சொல்லி, எடுத்தவர்கள் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. பாழடைந்த பங்களா. நடுநிசி. கதாநாயகி தனியாகப் படுத்திருக்கிறாள். ஜன்னல் தானாகத் திறக்கிறது. நாய் ஊளையிடுகிறது. அந்தரத்தில் ஒரு மண்டை ஓடு மிதந்து மிதந்து அவளை நோக்கி வருகிறது. கொட்டகையில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. அப்போது எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்:

"டேய், தங்கூசி தெரியுது பாரு!"

தங்கூசி என்பது தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு. நகரவாசிகளுக்கு அது கண்ணுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் படக்காரர்கள் மண்டை ஓட்டை அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பொழுதெல்லாம் தங்கூசியையே பார்த்து வாழ்கிறவர்கள் முன்னால் அந்தத் தந்திரம் பலிக்குமா?

"எத்தினியாம் நம்பரு மாமா?" என்று கேட்டான் பக்கத்திலிருந்த இளைஞன்.

"நாப்பது இருக்கும்."

"இந்தக் கனத்துக்கு நாப்பது எங்க தாங்கும்? அறுந்துடும் பாரேன்."

அறுபடவில்லை. ஆனால் மண்டை ஓடு கதாநாயகியின் மூக்குக்கு அருகில் வந்ததும், தூண்டிலில் மீன் கடித்தது போல் இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று குதித்தது. "மாட்டிக்கிச்சு! இழு, இழு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், கொட்டகை முழுவதும் கொல்லென்று சிரித்தது. திரையில் கதாநாயகி வீறிட்டு அலறிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் போன்ற ஒரு சிரிப்பைப் பிற்காலத்தில் நான் எந்த ஹாஸ்யப் படத்திலும் சிரித்ததில்லை.

படக்காரர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்கள் வெட்கமில்லாதவர்கள் அல்ல, காசில்லாதவர்கள். பிலிம் சுருளின் விலை பெரிய விலை. மண்டை ஓடு ஆடிவிட்டது என்பதற்காக மறுபடி எடுத்தால், நாளைய சாப்பாட்டுச் செலவு அந்தச் சுருளில் போய்விடும். இரவுக் காட்சியை இரவில் பிடிக்க வேண்டுமானால் பெரிய விளக்குகளும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் நல்ல வெயிலில் படம் பிடித்து, கேமராவின் முன்னால் நீலக் கண்ணாடி வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, சூரியனைச் சந்திரனாக்கிவிடுவார்கள். பேய்க்கு நிழல் விழாது, கால் தரையில் பாவாது என்பது நம் நாட்டு வழக்கு. படத்துப் பேய்க்கோ உச்சிப் பொழுதின் நிழல் காலடியில் கருகருவென்று விழுந்திருக்கும். நடுநிசிச் சுடுகாட்டில் பின்னால் வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

இந்தக் கலையின் சக்கரவர்த்தி என்று பி. விட்டலாச்சார்யாவைத்தான் சொல்ல வேண்டும். உடுப்பிப் பக்கத்தில் 1920-இல் பிறந்து, ஆரம்ப காலத்தில் தாமே கன்னட தேசத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தி, பிறகு சென்னைக்கு வந்து தெலுங்கில் மாயாஜாலப் படங்களாக எடுத்துக் குவித்தவர். மணல் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த நிமிஷத்தில் என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நடிகர் யாராவது சம்பளத் தகராறு செய்தாலோ, சொன்ன நாளில் வராமல் போனாலோ, ஒரு முனிவரை அழைத்துச் சாபம் கொடுக்கச் செய்து, அந்தப் பாத்திரத்தை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு மிச்சக் கதையை எடுத்து முடித்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆட்டுக்குத் தழை போட்டால் போதும் அல்லவா?

1978-இல் அவர் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழ் பேசிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. அதில் மோகினியாக வரும் ஜெயமாலினி அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்து எரிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். பயம் வந்ததா என்று கேட்காதீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, "விறகு விக்கிற விலையில இது கூட நல்ல யோசனையாத்தான் இருக்கு" என்று ஒரு குரல் வந்ததுதான் நினைவிருக்கிறது. அதே படத்தை 2009-இல் நமிதாவை வைத்துத் தமிழில் மறுபடி எடுத்தார்கள். புதிய யந்திரங்கள், புதிய தந்திரங்கள் எல்லாம் இருந்தன. ஆயினும் என் மனத்தில் எரிந்துகொண்டிருப்பது பழைய அடுப்புத்தான்.

வடக்கே பம்பாயில் ராம்ஸே சகோதரர்கள் ஏழு பேர் இதையே ஒரு குடிசைத் தொழிலாக நடத்தினார்கள். ஒருவர் கதை எழுதுவார்; ஒருவர் கேமரா பிடிப்பார்; ஒருவர் ஒலி; ஒருவர் வெட்டி ஒட்டுவார்; இரண்டு பேர் டைரக்ஷன். 1972-இல் குடும்பத்தையும் நடிகர்களையும் கூட்டிக்கொண்டு மகாபலேஷ்வரத்தில் போய்த் தங்கி, 'இரண்டு கஜம் நிலத்துக்குக் கீழே' என்று பொருள்படும் பெயரில் ஒரு பேய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தை நடத்துவது போல் பேயை நடத்தினார்கள் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் எட்வர்ட் வுட் என்று ஒரு மகானுபாவர் இருந்தார். ஆகாயத்திலிருந்து வந்தவர்கள் கல்லறைப் பிணங்களை எழுப்புவதாக 1956-இல் ஒரு படம் எடுத்தார். அதற்கு முன்பே, டிராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்ற பேலா லுகோஸியை வைத்துச் சில நிமிஷப் படம் பிடித்து வைத்திருந்தார். அதே வருஷம் லுகோஸி காலமாகிவிட்டார். வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வுட் என்ன செய்தார்? தம் மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்க்கும் வைத்தியரை அழைத்து வந்து, கறுப்புப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டார். வைத்தியர் லுகோஸியைவிட நல்ல உயரம். 1980-இல் வெளிவந்த ஒரு புத்தகம் அதை உலகத்திலேயே மிக மோசமான படம் என்று தேர்ந்தெடுத்தது. அன்று முதல் அந்தப் படத்துக்கு ரஸிகர்கள் பெருகிக்கொண்டே வருகிறார்கள். வுட் அதைப் பார்க்க உயிரோடில்லை, 1978-லேயே போய்விட்டார்.

இவர்களுக்கெல்லாம் மூல புருஷர் பாரிஸ் நகரத்து ஜாலவித்தைக்காரர் ஜார்ஜ் மெலியே. தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது யந்திரம் சிறிது நேரம் நின்று மறுபடி ஓடியதாகவும், திரையில் போட்டுப் பார்த்தால் பிரயாணிகள் வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தந்திரத்தைக் கொண்டு, வௌவால் பிசாசாக மாறும் மூன்று நிமிஷப் படம் ஒன்றை 1896-இல் எடுத்தார். உலகத்தின் முதல் பேய்ப் படம் என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் அதை எடுத்தது ஜனங்கள் ஆச்சரியப்பட்டுச் சிரிப்பதற்காகவே. பயமுறுத்த வேண்டும் என்ற ஆசை பிறகு வந்தவர்களைப் பிடித்த பேய்.

பேயைக் கண்டு சிரிப்பது தமிழனுக்குப் புதிதும் அல்ல. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணி பாடினார். போர்க்களத்துப் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன. யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பந்தி போட்டுக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலும் அப்படித்தான். கண்ணை உருட்டிக்கொண்டு, கிரீடம் அதிர, ராட்சஸ வேஷம் உள்ளே வரும். பக்கத்திலேயே கட்டியங்காரன் நின்றுகொண்டு, "ஐயா, எந்த ஊருக்குப் பஸ்ஸைத் தவறவிட்டீர்?" என்பான். குழந்தைகள் பயத்தில் தாயின் முந்தானையைப் பிடித்தபடியே சிரிக்கும். பயமும் சிரிப்பும் ஒரே பாயில் உட்காரும் என்பது எங்கள் ஜனங்களுக்குப் பழக்கமான சங்கதி. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஜெயங்கொண்டாருக்குத் தாம் செய்வது தெரியும், கட்டியங்காரனுக்கும் தெரியும். படக்காரருக்குத் தெரியாது. அவர் மண்டை ஓட்டை முழு மனத்தோடு நம்பித் தங்கூசியில் கட்டினார். அந்த நம்பிக்கைதான் நமக்குச் சிரிப்பாக வந்து சேருகிறது. நம்பிக்கையில்லாமல் ஏனோதானோவென்று எடுத்த மோசமான படங்கள் ஆயிரம் உண்டு. அவற்றைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஆகையால் இரண்டாம் கட்சி நண்பர்களுக்கு என் பதிலில் ஒரு பாதி இது. தங்கூசியைக் கண்டுபிடித்த பெரியவர் கையில் காசுள்ளவர் அல்ல. அவர் சிரித்தது, பட்டு மெத்தையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் அல்ல. நரம்பு தெரிந்த தொழிலாளி, நரம்பு கட்டிய இன்னொரு தொழிலாளியின் கைவேலையைச் சோதித்துப் பார்த்த சிரிப்பு. "அறுபதாம் நம்பரு போட்டு, கொஞ்சம் மை தடவியிருந்தா தெரிஞ்சிருக்காது" என்று வெளியே வந்ததும் அக்கறையோடு யோசனை கூடச் சொன்னார்.

அதே பெரியவர், ஆட்டம் விட்டுத் திரும்பும்போது நேர் வழியில் வரமாட்டார். கழுவேலியின் ஓரமாகப் போகும் குறுக்குப் பாதையை விட்டு, சுற்றிக்கொண்டுதான் போவார். அந்தச் சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். மக்கிய தழையிலிருந்து கிளம்பும் வாயு தீப்பற்றி எரிகிறது என்று விஞ்ஞானிகள் சமாதானம் சொல்கிறார்கள். 2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாகிவிட்டது. இப்போது கொக்கு பார்க்கத் தூரதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அன்று எங்களுக்கு அங்கே பறவையும் தெரியாது, வாயுவும் தெரியாது. "சினிமாவில மட்டும் சிரிச்சீங்களே தாத்தா?" என்று நான் கேட்டதற்கு, "அது சம்பளத்துக்கு வர்ற பேய்டா" என்றார்.

பதிலின் மறு பாதிக்கு அத்தையிடம் போக வேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பு அத்தைக்கு ஒரு குழந்தை பிறந்து, நாற்பது நாளில் இறந்து போயிற்று. அதன் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. சோறு இறங்கவில்லை. இரவில் எழுந்து உப்பளத்து வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். கடலில் விழுந்து செத்த எவளோ ஒருத்தி பிடித்துக்கொண்டாள் என்று முடிவு செய்து, ஒரு பூசாரியிடம் அழைத்துப் போனார்கள். உடுக்கை அடித்தார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், பிறகு பிரம்பாலும் அடித்தார்கள். "நீ யார்? உன் பேர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். விடியும் சமயத்தில் அவள் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்து அறுத்து, புளிய மரத்தில் ஆணி வைத்து அடித்துவிட்டு அழைத்து வந்தார்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அத்தையின் உச்சித் தலையில் ரூபாய் அகலத்துக்கு மயிர் முளைக்காத இடம் ஒன்று உண்டு. அவள் தலை வாரும்போது நான் பார்த்திருக்கிறேன்.

மண்டை ஓட்டுப் படத்துக்கு அவளும் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் இடைவேளைக்குப் பிறகு, எல்லாப் பேய்ப் படங்களிலும் வருவது போல், பேய் தன் பூர்வ கதையைச் சொல்லத் தொடங்கியது. பண்ணையார் மகன் ஒருவன் ஆசை காட்டி மோசம் செய்கிறான். வயிற்றில் குழந்தையோடு அவளைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் சற்று முன்பு வரை சிரித்துப் புரண்ட கொட்டகை, அந்தக் கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. சோடாப் பையன் கூடப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மண்டை ஓடு பறப்பதற்குப் பணம் வேண்டும். மின்னலுக்குப் பணம் வேண்டும். புகைக்குப் பணம் வேண்டும். ஒரு பெண் திரையைப் பார்த்துத் தனக்கு நேர்ந்ததைச் சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. பணம் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அந்தப் படம் விழுந்தது. தேவைப்படாத இடத்தில் எழுந்து நின்றது. வாய் விட்டுச் சிரித்துக் களைத்துப் போயிருந்தவர்கள், கதவு திறந்து கிடந்த வீடு போல், எதிர்ப்பில்லாமல் அந்தக் கதையை உள்ளே வர விட்டுவிட்டார்கள்.

அன்று இரவு வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக வீடு திரும்பினோம். முன்னால் மாமா விளக்குடன், நடுவில் நான், பின்னால் அத்தை. வெகு தூரம் வந்த பிறகு அத்தை பேசினாள்.

"அந்தப் பொண்ணு சொன்னத, கடைசி மட்டும் குறுக்க பேசாம கேட்டாங்க இல்ல?"

மாமா பதில் சொல்லவில்லை.

"எங்கிட்ட பேரைத்தான் கேட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

மாமா நின்றார். விளக்கை வரப்பில் வைத்துவிட்டு, திரும்பி, அவளைப் பார்த்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. ஏதோ பெரிய சண்டை வரப் போகிறது என்று பயந்தேன். அந்தப் படத்தில் வராத பயம் அப்போது வந்தது. மாமா, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்றார். அத்தை புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நடங்க. அந்த மண்டை ஓடு குதிச்சுதே, பாத்தீங்களா?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். ஆனால் நான் தூங்கிப் போன பிறகு திண்ணையில் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு முறை கண் விழித்தபோது அத்தையின் குரல் கேட்டது. அன்று மாமா மூன்று மணிக்கு அளத்துக்குப் போகவில்லை.

நல்ல பேய்ப் படம் எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மண்டை ஓடு உண்மையாகவே பயமுறுத்தியிருந்தால், அத்தை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்போது பேயும் சிரிப்பும் சேர்ந்தே விற்பனைக்கு வருகின்றன. 2007-இல் 'முனி', 2011-இல் 'காஞ்சனா' என்று ராகவா லாரன்ஸ் அவர்கள் ஒரு பெரிய சந்தையைத் திறந்து வைத்தார். பேயைக் கண்டு கதாநாயகன் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்கிறான். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். நானும் கை தட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அங்கே எல்லாச் சிரிப்பையும் அவர்களே நமக்காகச் சிரித்து முடித்துவிடுகிறார்கள். நாம் கண்டுபிடிப்பதற்கு ஒரு வெள்ளாட்டைக் கூட மிச்சம் வைப்பதில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக வந்து தன் கதையைச் சொல்லும்போது, புதுச்சேரியில் நான் பார்த்த அரங்கத்திலும் அதே நிசப்தம் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் எனக்குக் காலுக்குக் கீழே மணல் இருப்பது போல் தோன்றியது.

மணல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டு, வடக்கிலிருக்கும் எங்கள் குப்பங்களின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நான் சிறுவயதில் ஓடிய மணல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கரையில் யாரையும் சினிமாப் பேய் காட்டிப் பயமுறுத்துவது சாத்தியமில்லை. ஆயினும் பார்க்கிறார்கள், முன்னைவிட அதிகமாகவே பார்க்கிறார்கள். கொட்டகைகள் போய்விட்டன; படம் கைப்பேசியில் வருகிறது. விட்டலாச்சார்யாவின் படங்களும் ராம்ஸே சகோதரர்களின் படங்களும் அதிலேயே கிடைக்கின்றன. நிழலைக் கண்டுபிடித்ததும் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி எனக்குக் காட்டுகிறாள் என் மகள். இந்த வசதி எங்களுக்கு இருந்திருந்தால் தங்கூசியின் நம்பரைப் பற்றிய வாக்குவாதமே எழுந்திருக்காது.

சென்ற மாதம் பொம்மையார்பாளையத்துக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் ஒரு புதிய பேய்ப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பெரும் செலவில் எடுத்தது. ஒரு பெண் கூந்தல் அலைய அந்தரத்தில் எழும்பி, கூரையைத் தொட்டு, தலைகீழாக நடந்து வருகிறாள். கட்டித் தூக்கிய கம்பிகளையெல்லாம் கணினியில் அழித்துவிட்டிருந்தார்கள். பெரியவர் கைப்பேசியை வாங்கி, கண்ணருகில் வைத்துப் பார்த்தார். வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நூலைக் காணமே தம்பி" என்று சொல்லி, வலை ஊசியை எடுத்துக்கொண்டார்.